பட்டிப் பொங்கலுக்குப் போன சின்சில்லாக்கள்

சரவணம்பட்டியில் ஏழாம் மாடி வீடொன்றில் இரவும் பகலும் ஏசி ஓடிய அறை ஒன்று இருந்தது. அதில் மனிதர் யாரும் படுப்பதில்லை. ஆளுயரக் கம்பிக்கூண்டுக்குள் இரண்டு சின்சில்லாக்கள் குடியிருந்தன. எலியைவிடப் பெரிது, முயலைவிடச் சிறிது. சாம்பல் நிறத்தில் அப்படியொரு மெத்தென்ற மயிர், விரலை வைத்தால் விரல் காணாமல் போய்விடும். எங்கோ தென்னமெரிக்காவின் குளிர்மலையில் துள்ளித் திரிய வேண்டியவை, கோயம்புத்தூருக்கு வந்து, மாதாமாதம் கரண்டு பில்லை ஏற்றிக்கொண்டு சுகமாக இருந்தன. ஆண் ஆஷ், பெண் ஆலிவ். பெயர் வைத்தது வீட்டுக்காரி லோகப்பிரியா. வளர்த்தது மெர்சி.

மெர்சிக்கு நாற்பத்திரண்டு வயது. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி. அப்பா ஊரைவிட்டுக் கிளம்பிவந்து மில்லில் சேர்ந்தார். மெர்சியும் பத்தாவது முடித்த கையோடு நூல்மில்லுக்குப் போனாள், பஞ்சு நெஞ்சில் ஏறியதும் நின்றுகொண்டாள். கணவன் பிரவின்குமார் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். பிள்ளை இல்லை. கீரணத்தம் ஹவுசிங் போர்டு வீட்டில், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற ஒரு ஃபேனுக்குக் கீழே தனியாகப் படுத்தெழுந்து, காலை எட்டுக்குச் சின்சில்லாக்களின் ஏசி அறைக்கு வந்துவிடுவாள்.

வந்த புதிதில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காய்ந்த புல் கப்பலேறி வருகிறது. படுத்துக்கொள்ளச் சில்லென்று ஒரு கடப்பாக்கல். குளிப்பதற்கு டப்பாவில் பவுடர் மாதிரி மண். அதை ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்தால் இரண்டும் மாறிமாறி இறங்கி உருண்டு புரண்டு, மூக்கெல்லாம் மண்ணாக வெளியே வரும். தண்ணீர் மட்டும் மேலே படவே கூடாது. மயிர் அவ்வளவு அடர்த்தி, நனைந்தால் அடிவரைக்கும் காயாது, உள்ளுக்குள்ளேயே குளிர் இறங்கிவிடும். இதையெல்லாம் லோகப்பிரியா சொல்லிக்கொடுத்தாள். ஆறே மாதத்தில் மெர்சி அவளைத் தாண்டிப் போனாள். காலையில் புழுக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தே இரவு எது சரியாகத் தின்னவில்லை என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஆலிவின் தாடையில் லேசாக ஈரம் கண்டு, பல் வளர்ந்து குத்துகிறது என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவைத்தாள். "இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா பொழைச்சிருக்காது. யாருங்க கண்டுபிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார். லோகப்பிரியா மெர்சியின் தோளில் கைபோட்டு, "எங்க அக்காதானுங்க" என்றாள். அந்தக் கை பட்ட இடத்தை மெர்சி வெகுநாள் மறக்கவில்லை. அந்த வீட்டில் அவள் சொல்தான் சட்டம், அந்த ஓர் அறைக்குள் மட்டுமாவது.

பொங்கல் வந்தது. லோகப்பிரியாவுக்குப் பெங்களூரில் ஆபீஸ் வேலை, பண்டிகை முடிந்துதான் வரமுடியும். அவள் கணவன் தீபக் ஆனைமலைப் பக்கம் இருக்கும் தன் தோட்டத்துக்குப் போயே ஆகவேண்டும்.

"நா இங்கயே மூணு நாளும் படுத்துக்கறனுங்க அம்மணி. அதுகளை எதுக்கு அலைக்கழிக்கோணும்?" என்றாள் மெர்சி.

லோகப்பிரியா புருஷனைப் பார்த்தாள். அவன் பீரோ இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா அதுகளைப் பாக்கோணும்னு ரொம்ப நாளா சொல்லீட்டு இருக்காங்க" என்றான். பீரோவைப் பார்த்ததை மெர்சியும் பார்த்தாள். உயிர் இரண்டை நம்பிக் கொடுக்கலாம், வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது. சரி, உலகத்தில் இது என்ன புதுசா என்று விழுங்கிக்கொண்டாள்.

"மூணே நாள் அக்கா. நீங்க கூடப் போறதாலதான் நான் தைரியமா அனுப்பறேன். ரெண்டையும் நல்லபடியா திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றாள் லோகப்பிரியா.

"என்ற உசுரைக் குடுத்தாச்சும் கொண்டாந்தர்றனுங்க."

இரண்டையும் பயணத்துக்கென்று ஒரு சின்னக் கூண்டுக்கு மாற்றி, காரில் பின்சீட்டில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோயம்புத்தூரில் கிளம்பும்போது தீபக்கை "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள், வழக்கம்போல. பொள்ளாச்சி தாண்டியதும் தம்பி தானாக உதிர்ந்து "ஏனுங்க" ஆகிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தோப்புக்கு நடுவே பெரிய வீடு. தீபக்கின் அம்மா முத்தாத்தாள் வாசலுக்கே வந்து கூண்டுக்குள் எட்டிப்பார்த்து, "அட என்ற சாமி! எத்தன அழகு!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். நல்ல மனுஷிதான். மாடுகள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். ஏசி இருக்கும் படுக்கையறைக்குத் தீபக்கே கூண்டைத் தூக்கிப்போனான். பின்னாலேயே படியேறப் போன மெர்சியைப் பார்த்து, "ஏம் புள்ள, நீ அந்த மோட்டார் ரூமுல தங்கிக்க. சுத்தமா கூட்டி வெச்சிருக்குது" என்றார் முத்தாத்தாள். குரலில் ஒரு கடுப்பும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். காப்பி வந்தது, பேப்பர் கப்பில். வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர். சரவணம்பட்டியில் லோகப்பிரியா குடிக்கும் கோப்பையிலேயே குடித்துப் பழகிய மெர்சி, அந்தப் பேப்பர் கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

முதல் நாள், பின்கட்டு வாசலில் நின்று புல்லைக் கையால் அளந்து தீபக்கிடம் கொடுத்தாள். மண் கிண்ணத்தை எடுத்துக்கொடுத்தாள். "தின்னுதுங்களா? புழுக்கை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். "அல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கக்கா" என்று போனைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். இரண்டு வருஷத்தில் அவள் கண்ணால் பார்க்காமல் அவை தின்ற முதல் நாள் அது.

மறுநாள் பட்டிப் பொங்கல். விடிந்ததும் மாடு கன்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வார்த்து, கொம்புக்கு வண்ணம் தீட்டி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கட்டித் தோட்டமே பரபரப்பாக இருந்தது. சும்மாதானே இருக்கிறாய் என்று மெர்சியைச் சாணி வழிக்க விட்டிருந்தார்கள். அவள் கூடையும் கையுமாக நிமிர்ந்தபோது, முத்தாத்தாள் கூண்டைக் களத்துக்குக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் அகலமான பேசினில் மஞ்சள் கரைத்த தண்ணீரை விளாவிக்கொண்டிருந்தார்.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஆத்தா, வேண்டாமுங்க! அதுக்குத் தண்ணி ஆகாதுங்க. மண்ணுலதான் குளிக்குமுங்க."

"மண்ணுல குளிக்கறதுக்கு அது என்ன கோழியா?" முத்தாத்தாள் சிரித்தார். "நல்ல நாளு அதுவுமா, பட்டியில இருக்கற உசுருல இந்த ரெண்டுக்கு மட்டும் தண்ணி வாக்காம உடறதா? என்ற பையன் ஊட்டு உசுரு. அதுகளுக்கு மனசு நோவாது?"

மெர்சி தீபக்கைப் பார்த்தாள். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். சரவணம்பட்டி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் லோகப்பிரியா ஒட்டிவைத்த காகிதத்தில் முதல் வரியே அதுதான்.

"ஏனுங்க, சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியுமில்லீங்க."

"ஒரு தடவதானுங்கக்கா. வெதுவெதுன்னுதான் இருக்குது. அம்மா ஆசப்படறாங்க."

அவ்வளவுதான். பிடுங்கியிருக்கலாம். ஏழாம் மாடியாக இருந்திருந்தால் பிடுங்கித்தான் இருப்பாள். இங்கே சாணிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வேண்டாமுங்க ஆத்தா" என்று இன்னொரு தரம் சொன்னாள். எத்தனை 'ங்க' போட்டுச் சொன்னாலும் கேட்காத காதுக்கு அது கேட்கவில்லை. முத்தாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்து, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பக்குவத்தோடு முக்கி எடுத்தார். ஆலிவ் ஒரே ஒரு தரம் கீச்சென்றது. நனைந்ததும் இரண்டும் பாதியாகிப்போயின. நெற்றியில் குங்குமம் வைத்து, "எப்படி இருக்குது பாரு!" என்று மகனிடம் காட்டினார். அத்தனையும் பிரியம். அதுதான் கொடுமை.

"துணியில தொவட்டோணுமுங்க. என்றகிட்டக் குடுங்க" என்று மெர்சி கையை நீட்டினாள். ஆனால் அதற்குள் தீபக்குக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. ஏசியில்தான் வைக்கவேண்டும் என்பது அவனுக்கு நினைவிருந்தது, பாவம், அது ஒன்று மட்டும். ஈரத்தோடு கூண்டில் போட்டு, தூக்கிக்கொண்டு போய் ஏசியை முழுசாக வைத்துக் கதவைச் சாத்தினான்.

"ஈரத்தோட ஏசியில வேண்டாமுங்க! செத்துப்போயிருமுங்க!" பின்கட்டுப் படிக்குக் கீழே நின்று கத்தினாள்.

"சரிங்க, சரிங்க, வந்து பாக்கறேன்." சொந்தக்காரர்கள் கார்காராக வந்து இறங்க, அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். எல்லோரும் பட்டியைப் பார்க்கப் போனார்கள். அங்கே சடங்குக்காகத் தெப்பக்குளம் என்று சின்னதாக ஒரு குழி வெட்டித் தண்ணீர் விட்டு வைத்திருந்தது. கன்றை அதில் மிதிக்கவிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மெர்சி வீட்டைச் சுற்றிப்போய் அந்த அறையின் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ஆலிவ் மூலையில் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஆஷ் ஒருக்களித்துப் படுத்திருந்தது. சின்சில்லா அப்படிப் படுக்காது. கண்ணாடியைத் தட்டினாள். அது தலையைத் தூக்க முயன்று முடியாமல் மறுபடி போட்டது. குரல் கேட்கும் தூரத்தில் அவள் இருந்தாள் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

பின்கட்டுக்கு ஓடிவந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. வீட்டில் ஓர் ஆள் இல்லை. அடுக்களையைக் கடந்தால் அந்த அறை, மிஞ்சிப்போனால் பத்தடி. வலதுகாலைத் தூக்கிப் படியில் வைத்தாள். வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது. போனால் அடிப்பார்களா? இந்தக் காலத்தில் யார் அடிக்கப்போகிறார்கள். வேலை போகுமா? போனால் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தாள். ஆனாலும் கால் போகவில்லை. மூன்று தலைமுறையாக நிற்கச் சொல்லிக்கொடுத்த கால், உயிர் போகிற நேரத்திலும் சொன்ன பேச்சைக் கேட்டது. சனியன் பிடித்த கால். காலை எடுத்துக்கொண்டு பட்டிக்கு ஓடினாள். கூட்டத்துக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். தாரை தப்பட்டைச் சத்தத்தில் தீபக்குக்குக் கேட்கவில்லை. கன்று மிதித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

அவன் கூண்டை வெளியே கொண்டுவந்தபோது ஆஷ் விறைத்திருந்தது. ஆலிவை வாங்கி, காய்ந்த துணியில் சுற்றி, ரவிக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தாள். மயிரை விரலால் பிரித்துப் பிரித்து ஊதினாள். இருட்டும்வரை ஊதினாள். ஆலிவ் பிழைத்துக்கொண்டது.

தகவல் தெரிந்து, மறுநாள் காலையிலேயே லோகப்பிரியா டாக்சியில் வந்து இறங்கினாள். உள்ளே போய் வெகுநேரம் பேசினார்கள். "எனக்கு என்னம்மா தெரியும், ஆசையிலதானே செஞ்சேன்" என்று முத்தாத்தாள் அழும் சத்தம் கேட்டது. மாமியாரைச் சொல்ல முடியாது. நாலுபேர் வந்துபோகும் பண்டிகை வீட்டில் புருஷனோடும் சண்டை பிடிக்க முடியாது. கோபம் எங்காவது போய் இறங்கவேண்டுமே, அதற்குத் தோதான ஆள் பின்கட்டுப் படிக்குக் கீழேதான் நின்றிருந்தாள். லோகப்பிரியா கண் வீங்கி அங்கே வந்தாள்.

"உங்களை நம்பித்தானே அக்கா அனுப்பினேன்?"

"சொன்னனுங்க அம்மணி. ரெண்டு தடவ சொன்னனுங்க."

"சொன்னீங்க, சரி. அப்பறம்? கதவு தொறந்துதானே கெடந்துச்சு? உள்ள போயித் தூக்கியிருக்கலாமில்ல? எதுக்கு வெளியவே நின்னீங்க?"

ஈரோட்டுப் பக்கம் இதே மாதிரித் தோட்டத்தில், இதே மாதிரிப் பின்கட்டு வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். தெரியாமல் கேட்கவில்லை. மெர்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப உள்ள வரட்டுங்களா அம்மணி?"

லோகப்பிரியா அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே முத்தாத்தாளின் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய், ஒரு செருப்பு டப்பாவோடு திரும்பி வந்தாள். படியில் நின்றபடியே அதைக் கீழே நீட்டினாள்.

"தோப்புல எங்காச்சும் பொதைச்சிருங்கக்கா. எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

மெர்சியின் தாத்தாவை ஊரில் எல்லா வீட்டிலும் கூப்பிடுவார்கள், மாடு செத்தால் மட்டும். இனி என் வீட்டில் யாரும் செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று சொல்லித்தான் அப்பா அந்த ஊரைவிட்டுக் கிளம்பினார்.

தென்னைக்கு நடுவே குழிவெட்டிப் புதைத்தாள். கை கழுவினாள். ஆலிவைக் கூண்டோடு லோகப்பிரியாவிடம் விட்டுவிட்டு, காருக்குக் காத்திருக்காமல் பஸ்ஸேறி வந்தவள், திங்கட்கிழமை சரவணம்பட்டிக்குப் போகவில்லை. லோகப்பிரியா நாலு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. ஆஷ் என்பதால்தான் அந்த டப்பாவை வாங்கினேன், வேறெதாக இருந்தாலும் தொட்டிருக்கமாட்டேன் என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். மனசு ஆறவில்லை. லோகப்பிரியா சொல்லி முடிப்பதற்குள்ளேயே மெர்சியின் இரண்டு கைகளும் நீண்டிருந்தன.