பன்னிரண்டாம் எண் வீட்டு யர்மிலா

செக் நாட்டில், எங்கள் கிராமமான ஒல்ஷின்காவில் அறுபத்துமூன்று வீட்டு எண்கள். அந்த எண்களை வரிசை பிசகாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் யர்மிலா. அவள் அம்மாவும் என் அம்மாவும் உடன்பிறந்தவர்கள், அதனால் எனக்குத் தங்கை. முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். இடுப்பு தேய்ந்து ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு நிம்மதி இல்லை. ஊருக்குள் நுழைகிற பார்சல் வண்டிக்காரன் எவனாக இருந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பான்.

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி, ராணி மரியா தெரேசா காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் கணக்கெடுக்க வந்தவர்கள், ஆட்டுப்பட்டி அருகே தொடங்கி ஒன்று முதல் இருபத்துநான்கு வரை சுவரில் கறுப்பு மையால் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பின் யார் எங்கே வீடு கட்டினாலும் அடுத்த எண். குளக்கரையில் கட்டினால் இருபத்தைந்து, மேலே காட்டோரம் கட்டினால் இருபத்தாறு. கூட்டுப்பண்ணைக் காலத்து மாடிக்கட்டடம் ஐம்பத்தொன்று. அது நிற்பது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். முப்பத்தொன்று எரிந்துபோய் என் அப்பா காலத்திலேயே கிணறு மட்டும் மிஞ்சியது, எண் இன்னும் செத்துப்போகவில்லை. யர்மிலாவின் பன்னிரண்டு, குளத்துக்குப் பின்னால், ஐம்பத்தெட்டுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இடையில். தெருப்பெயர் கிடையாது. போனில் இருக்கிற வரைபடத்தில் பன்னிரண்டு என்று போட்டால் குளத்தின் நட்டநடுவில் புள்ளி வைக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு இதனால் ஒரு சங்கடமும் இல்லை. எங்களுக்கு வீட்டுப்பெயர் போதும். என் தாத்தா இரண்டு வருஷம் சிகாகோவில் பன்றி அறுத்துவிட்டு ஒரு தொப்பியோடு திரும்பினார். இன்றுவரை நாங்கள் அமெரிக்காக்காரர் வீடு. யர்மிலாவின் புருஷன் ஆல்பினுடையது தையற்காரர் வீடு. அவனுக்குப் பித்தான் தைக்க வராது. அவன் பாட்டி தன் முதல் புருஷன் இறந்தபின் அந்த வீட்டை வாங்கியபோதே அங்கே தையற்காரர் இல்லை. ஆனாலும் அவன் தையற்காரர் ஆல்பின். ஷ்மெய்கல் என்ற அவன் குடும்பப்பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

போன மார்ச்சில் ஆல்பினுக்கு முதல் தடவை நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் இருபத்துமூன்று நிமிஷம் ஊரைச் சுற்றியது. பிழைத்துக்கொண்டான். டாக்டர் யர்மிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தடவை இத்தனை நேரம் தாங்காது என்று சொல்லியனுப்பினார்.

அன்றிலிருந்து அவள் ஊர்த்தலைவர் விலேமை விடவில்லை. ஊர் நுழைவில் எண்களோடு ஒரு வரைபடப் பலகை. அவ்வளவுதான் கேட்டாள். விலேம் பீர்க்கடைக் கூடத்தில் கூட்டம் போட்டான்.

"பேசாம வரிசையா புது நம்பர் குடுத்துடலாமே" என்றான் விலேம்.

ஒன்றாம் எண் வீட்டு ஸ்லாவெக் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தான். ஸ்லாவெக் வண்ணம் பூசுகிற தொழில் செய்து ஓய்வு பெற்றவன், யர்மிலாவோடு ஒரே வகுப்பு. "தாராளமா மாத்துங்க. ஆனா நான் ஒண்ணுதான். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து ஒண்ணு."

"அப்ப ரோட்டுக்குப் பேர் வைப்போம்."

"ஒரே ரோடு. அதுக்கு எதுக்குப் பேரு? கூப்பிட்டா வரப்போகுதா?"

"நான் கேட்டது பலகை" என்றாள் யர்மிலா. "பலகையைப் பத்திப் பேசுங்கப்பா. இன்னும் நாலு வார்த்தை நீங்க பேசினா எனக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

இரண்டு மணி நேரம் கழித்துப் பலகை முடிவானது. வரைவது ஸ்லாவெக்.

ஜூன் மாதம் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியத்தோடு திறந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. குளம், அதில் கன்றுக்குட்டி பருமனில் ஒரு கெண்டை மீன், சிற்றாலயம், காடு, ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்புக் கூரை, அடியில் வளைத்து வளைத்துப் பெயர்: கொல்லர் வீடு, தையற்காரர் வீடு, அமெரிக்காக்காரர் வீடு. எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். நானும் தேடினேன், பொய் சொல்ல மாட்டேன்.

யர்மிலா பலகையை இடமிருந்து வலமாகப் படித்தாள். அப்புறம் வலமிருந்து இடமாக.

"ஸ்லாவெக், நம்பர் எங்கே?"

"நம்பரா? பேரே போட்டிருக்கேனே."

"இந்தப் பேரு நமக்குத் தெரியும். ஆம்புலன்ஸ்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியலைன்னா கேட்டுக்கட்டும். வாய் இருக்குல்ல. நம்பர் எழுத இடமும் இல்லை யர்மிலா, கெண்டை பெருசாப் போச்சு."

"மீனைச் சின்னதாப் போட்டா என்ன?"

"சின்ன கெண்டையைப் பாத்தா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்."

விலேமைத் திரும்பிப் பார்த்தாள். அவன், "அத்தை, அடுத்த வருஷம் பட்ஜெட்டுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பீர் வரிசைக்குப் போய்விட்டான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம் பிளம்ஸ் கொழுக்கட்டைத் தட்டின் முன்னால் ஆல்பின் சாய்ந்தான். யர்மிலா போன் செய்து, ஒல்ஷின்கா பன்னிரண்டு, ஷ்மெய்கல் என்று சொன்னாள். குளத்தின் பின்கரை என்றும் சொன்னாளாம். அந்த விவரம் ஓட்டுநரிடம் போய்ச் சேரவில்லை.

நான் சிற்றாலயத்துக்கு எதிரே பெஞ்சில் இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து பலகை முன் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். அங்கே நின்றுகொண்டிருந்தது, வேறு யார், ஸ்லாவெக். வெயிலில் வண்ணம் உரிகிறதா என்று பார்க்க வந்திருந்தான்.

"ஐயா, பன்னிரண்டு எது?"

"பன்னிரண்டா? யாரு வீடு?"

"ஷ்மெய்கல்."

ஸ்லாவெக் யோசித்தான். நன்றாக யோசித்தான். "ஷ்மெய்கல்னு இங்க யாரும் இல்லையே. மேல காட்டோரம் ப்ராக் நகரத்துலேர்ந்து வந்தவங்க வீடு ரெண்டு இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க."

ஐம்பது வருஷமாக ஆல்பினோடு சீட்டாடுகிறவன் சொன்ன பதில் இது. நான் ஊன்றுகோலைத் தேடி எழுந்து, "டேய், அது நம்ம ஆல்பின்டா" என்று கத்துவதற்குள் வண்டி மேட்டில் ஏறிவிட்டது.

அப்போது குளக்கரையில் தடதடவென்று சத்தம். யர்மிலா ஒரு கையில் பானை மூடி, மறு கையில் கரண்டி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள். அந்தத் தட்டல் மேட்டில் நின்ற ஓட்டுநர் காதிலும் விழுந்தது. வண்டி திரும்பியது. பதினொரு நிமிஷம் வீணாகியிருந்தது.

ஸ்லாவெக் முகம் வெளுத்து நின்றான். "தையற்காரர் வீடுன்னு சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

யர்மிலா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

ஆல்பின் ஒன்பது நாளில் வீடு திரும்பினான், இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற ஒரு சின்னச் சுருளோடு. பத்தாம் நாள் காலை யர்மிலா ஸ்லாவெக்கின் கொட்டகைக்குள் நுழைந்து, அவனைக் கேட்காமல் ஒரு டப்பா கறுப்புப் பெயின்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அறுபத்துமூன்று எண்களையும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எழுதினாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கெண்டையின் வயிற்றில் மூன்று எண்கள் விழுந்தன. முப்பத்தொன்றையும் எழுதி, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"எரிஞ்சுபோன வீட்டுக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"அண்ணே, அதைத் தேடி வர்றவனும் என்கிட்டதான் வருவான். இல்லைன்னு இங்கயே தெரிஞ்சுக்கட்டும்."

பாதியில் ஸ்லாவெக் வந்தான். அவன் கெண்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பிடி" என்று பெயின்ட் டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். மதியம் வரை டப்பாவோடு நின்றான். வேலை முடிந்தபோது தொண்டையைச் செருமினான்.

"யர்மிலா, கோவிச்சுக்காதே. தையற்காரர் வீடு என்ன நம்பர்னு சொன்னே?"

அவள் அவன் வலக்கையை இழுத்துப் புறங்கையில் பன்னிரண்டு என்று எழுதினாள். அது வெளிச்சுவருக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயின்ட். அடுத்த ஞாயிறு அவன் ஆல்பினோடு சீட்டாட வந்தபோதும் அழியவில்லை.