ஏழு குறைந்தும் சரி வந்த கணக்கு

என் அக்காவைக் கட்டியவர் சுரங்கத்தில் விளக்கறைக்காரர். இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுப்பதும், ஏறி வந்ததும் வாங்கி வரிசையாக மாட்டுவதும் அவர் வேலை. வரிசைக்கு எட்டுக் கொக்கி. எட்டு வரிசை சேர்ந்தால் ஒரு பலகை. இருபது வருஷம் அதையே பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு எல்லாமே எட்டுக் கணக்காகிவிட்டது. வயது கேட்டால், "அஞ்சு வரிசை, மூணு கொக்கி" என்பார். நாற்பத்து மூன்று என்று நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"உன் அத்தான் பத்து விரல்ல ரெண்டை வாடகைக்கு விட்டுட்டார்" என்பாள் அக்கா.

சுரங்கத்தில் ஒரு செட்டுக்கு ஏழு பேர். ஒருவர் குறைந்தாலும் இறக்க மாட்டார்கள். செட்டு மேஸ்திரி இறங்கும்போது குமாஸ்தாவிடம் ஒரு பித்தளை வில்லை வாங்கிப் போய், ஏறியதும் திருப்பித் தருவார். எல்லா வில்லையும் வந்தால் சங்கு ஊதும், உள்ளே வெடி வைப்பார்கள்.

ஒரு சாயங்காலம் வில்லைகள் எல்லாம் வந்துவிட்டன. அத்தான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பலகை, ஐந்து வரிசை, உதிரியாக ஆறு விளக்கு. கூட்டினால் பதின்மூன்று.

"ஒருத்தர் உள்ள இருக்கார். சங்கு ஊதாதீங்க."

விளக்கை எண்ணாமலே எப்படிச் சொல்கிறாய் என்று குமாஸ்தா மல்லுக்கு நின்றார்.

"எட்டுல ஏழு போனா ஒண்ணு மிச்சம். பலகைக்கு அறுபத்து நாலு, அதுலயும் ஏழேழா எடுத்தா ஒண்ணுதான் மிச்சம். அதனால பலகை, வரிசை, உதிரி மூணையும் கூட்டினா மிச்சமில்லாம ஏழுல அடங்கணும். பதிமூணு அடங்கலையே, பதினாலுக்கு ஒண்ணு குறையுது."

ஆட்கள் இறங்கித் தேடினார்கள். தண்ணீர்க் குழாய் ஓரம் மயங்கிக் கிடந்தவன் என் தம்பி. வேறு செட்டோடு முன்னமே ஏறியிருப்பான் என்று அவன் மேஸ்திரி நினைத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு அத்தான் சொன்னதுதான் சட்டம். இவர் இருக்கும்போது வில்லை எதற்கு என்று ஆபீஸில் அதை நிறுத்தினார்கள். அத்தானும் வேண்டாமென்று சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது என்று பின்னால் ஒத்துக்கொண்டார்.

நான்கு வருஷம் கழித்து ஒரு நாள். இரண்டு பலகை, ஐந்து வரிசை, உதிரி இல்லை. கூட்டினால் ஏழு. "சரி" என்றார். சங்கு ஊதியது. வெடி வெடித்தது.

வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் செட்டுல ஒருத்தரும் இன்னும் வரலையே."

காலையில் எத்தனை செட்டு இறங்கியது என்று அத்தான் குமாஸ்தாவைக் கேட்டார். இருபத்தைந்து. கொக்கிகளில் தொங்கியது இருபத்து நான்கு செட்டு விளக்கு. ஒருவர் குறைந்தால் காட்டிக்கொடுக்கிற கூட்டல், ஏழு பேர் சேர்ந்து குறைந்தால் வாய் திறப்பதில்லை. அத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் ஏழு உடல்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். வில்லையை நிறுத்தியது ஆபீஸ் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். அத்தான் அதை ஏற்கவில்லை. "சொன்னது என் வாய்" என்றார்.

அந்த மாதமே தகரத்தை வெட்டி, செட்டுக்கு ஒன்றாக இல்லாமல் ஆளுக்கொரு வில்லை செய்தார், பெயர் பொறித்து. வேலையை விடும்வரை ஒவ்வொன்றாகத் தொட்டு, பெயர் வாசித்து, கடைசி வில்லைக்குப் பிறகே தலையை அசைப்பார். "சரி" என்று வாய் திறந்து சொல்லமாட்டார். சோற்றைப் போட்டுவிட்டு, உப்பு சரியா இருக்கா என்று அக்கா கேட்டால்கூட, "போதும்" என்பார்.