ஈரப் புல்லும் என் முப்பது வருட அனுபவமும்

போன சனிக்கிழமை, தூறலில் நனைந்தபடி என் வீட்டுப் புல்தரையை நானே பாழாக்கினேன். வேண்டாம் என்று ஒருவர் தடுக்கத்தான் செய்தார். தடுத்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி... அதனாலேயே நான் கேட்கவில்லை!

செல்வராஜ் அண்ணாச்சி அச்சகத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, இப்போது புல் வளர்க்கிறார். எங்கள் விஸ்வநத்தம் பக்கத்து வெயிலில் அப்படி ஒரு பச்சை! அவர் வீட்டு போர்வெல்லில் நல்ல தண்ணீர். என் வீட்டு போரில் உப்பு. நடுவில் இருப்பது ஒரு தெரு... பூமிக்கு அடியிலுமா ஓரவஞ்சனை? அரிசி களைந்த தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் என்று பிடித்து ஊற்றித்தான் என் புல்லை நான் வளர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் பள்ளித் தோழிகள் எட்டுப் பேர் வருவதாக ஏற்பாடு. "நம்ம புல்லு காடா கெடக்கு. அண்ணாச்சிகிட்ட கேட்டு அங்கன சேர் போட்டுக்கிடுவமா?" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவியின் விருந்து அவர் புல்லிலா?

"நம்ம வீட்டுலதான் நடக்கும். நான் வெட்டுதேன்" என்றேன்.

மழை விட்டு விட்டுத் தூறியது. நான் அசரவில்லை. முப்பது வருடம் பட்டாசு கம்பெனியில் மேனேஜராக இருந்தவன் அல்லவா? அங்கே மழை பெய்து தரை நனைந்த பிறகுதான் புல் வெட்டும் மெஷினை வெளியே எடுப்போம். காய்ந்த நேரத்தில் பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே புல் என்றால் ஈரத்தில்தான் வெட்ட வேண்டும் — என் ரத்தத்தில் ஊறிய பாடம்.

பெட்ரோல் மெஷினை உயிர்ப்பித்தேன். எதிர்வீட்டிலிருந்து குடையோடு ஓடி வந்தார் அண்ணாச்சி.

"மேனேஜரே, ஈரத்துல வெட்டாதீக! வேரோட வந்துரும். நாளைக்கு வெயில் வரட்டும்."

ஓஹோ, என் புல் அழகாகிவிடும் என்று பொறாமையா? எனக்குப் புரியாதா?

"முப்பது வருசமா ஈரத்துலதான் வெட்டுதேன் அண்ணாச்சி" என்றேன்.

பத்தே நிமிடம். சக்கரம் சேற்றில் புதைந்தது. புல் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நடுத்தரையில் பாய் அகலத்துக்குச் சொட்டை! அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் நாங்கள் வெட்டியது, புல்லே இருக்கக் கூடாது என்பதற்காக. வேரோடு வந்தால் அங்கே சந்தோஷம்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் வாடியதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிறு காலை நல்ல வெயில். கேட்டைத் திறந்தால் அண்ணாச்சி... இரும்புச் சட்டியில் மண்ணோடு பெயர்த்த புல் கட்டிகள். தன் தரையிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்!

"என்ன பாக்கீக? மம்பட்டிய எடுங்க. மதினி வீட்டுக்கு ஆளு வருதில்லா?"

இன்னும் நாலு நடை சட்டியில் சுமந்து வந்து, இருவரும் குனிந்து பதித்தோம். "ஓரமா சேர் போடுங்க, இது மேல வேண்டாம்" என்று உத்தரவு வேறு. அவர் பெயரைச் சொல்லி நான் என்னவெல்லாம் கறுவியிருக்கிறேன் என்பதை நினைத்து, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

சாயங்காலம் தோழிகள் வந்தார்கள். ஒருத்தி நடுத்தரையைக் காட்டி, "இந்த எடத்துல மட்டும் எம்புட்டுப் பச்சை! அண்ணே, நல்லா வளத்திருக்கீக!" என்றாள். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே அண்ணாச்சியின் தரையில் பாய் அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது.

புல்லைப் பார்த்துப் பொறாமைப்படுவதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது அந்த மனுஷனின் மனசைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது!