ஐம்பது மில்லிபார்

இந்த நாட்டில் காஸ் போத்தல் வாங்குவதற்கும் நிறம் பார்க்க வேண்டும். நீலப் போத்தலுக்குள் பியூட்டேன். குளிர் வந்தால் அது படுத்துவிடும். சிவப்புப் போத்தலுக்குள் புரொப்பேன், பனியிலும் எரியும். ஜேர்மனியில் நாங்கள் இருந்த காலம் முழுக்கச் சாம்பல் நிறப் போத்தல் ஒன்றைத்தான் கண்டோம். ஒரு கேள்வியும் இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தோம். லண்டனில் ஒரு சாமான் வாங்கப் போனால் நாலு கேள்வி கேட்டு, எது வேண்டுமென்று எங்களையே முடிவெடுக்கச் சொல்வார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

லண்டனுக்குத்தான் போவது என்று ஒற்றைக்காலில் நின்றது நான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், தமிழ்க் கடை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், நான் வாய் திறந்தால் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு விளங்க வேண்டும். லண்டனின் கிழக்கே பிளேஸ்டோவில் எனக்கு இதெல்லாம் கிடைத்தது. இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே தொழிற்சாலையில் மெஷின் திருத்தியவர். அந்த நாட்டு மொழியான டொய்ச்சில் கதைக்கத் தொடங்கினால் மேலதிகாரியே நின்று கேட்பார். இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் "யெஸ்" என்று சொல்லித் தப்பிக்கொள்கிறார்.

நான் சொல்வது 2009ஆம் ஆண்டுக் கோடை. அதுவரை எங்கள் வீட்டில் "திரும்பிப் போறது" என்றால் யாழ்ப்பாணம்தான். போகமாட்டோம் என்று தெரிந்தும், ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்வோம். அந்த வைகாசியில் போரோடு ஊரில் எல்லாம் முடிந்துபோனபோது அந்தப் பேச்சும் நின்றுபோனது. சில கிழமைகள் கழித்து, சாப்பாட்டு மேசையில் இவர் மறுபடியும் "திரும்பிப் போவம்" என்றார். அவர் சொன்னது ஜேர்மனியை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழைய வேலையைத் தர ஆயத்தமாக இருக்கிறார்களாம்; கோடை முடியமுன் பதில் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளை இன்னொரு தடவை பிடுங்கி நட எனக்குத் தென்பில்லை. இவரைத் தனியே அனுப்பவும் மனமில்லை.

உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய பழைய காம்பர் வான் ஒன்றை வாங்குவோம் என்றது என் யோசனைதான். திருத்துவதற்கு ஏதாவது கையில் இருந்தால் மனிதர் இங்கே ஒட்டிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். கணக்கு அரைவாசி சரிவந்தது. வானின் பக்கச்சுவரில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் உள்ளே இருக்கும் சிவப்புப் போத்தலிலிருந்து வெளி அடுப்புக்குக் காஸ் எடுக்கலாம். அதைக் கண்டதும், ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்து கொட்டிலில் போட்டிருந்த, இறைச்சி சுடும் காஸ் கிறிலை இவர் தூசி தட்டி எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வானை நிறுத்தினார். காஸின் அமுக்கத்தை வானே குறைத்துத் தருகிறது, இன்னொன்று இருந்தால் மூச்சு முட்டும் என்று சொல்லி, கிறிலின் சொந்த றெகுலேற்றரைக் கழற்றி வைத்தார். புதுக் குழாயைப் பூட்டினார். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, நுரை வரவில்லை என்று பார்த்தார். பிறகு பற்றவைத்தார். நெருப்பு வந்தது, ஆனால் எழும்பவில்லை. கோழி சுடுபடாமல் அவிந்தது.

"பாத்தீரே, இந்த நாட்டிலை நெருப்புக்கும் உசாரில்லை," என்றார் என்னிடம்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் அந்த வழியால் வந்தாள். வானைப் பார்த்து, இடம் மாறிப் போகிறீர்களா என்று கேட்டாள். இவர் "யெஸ்" என்றார். அவரது வழக்கமான யெஸ்தானா என்று அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த நாள் கிறிலைத் தூக்கிக்கொண்டு றொம்போர்ட் பக்கம் ஒரு காரவன் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். இவரைப் பார்த்து, என்ன பிரஷரில் பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். காஸின் அமுக்கத்துக்கு டொய்ச்சில் வேறு சொல். அதில் கேட்டிருந்தால் இவர் பாடமே நடத்தியிருப்பார். "பிரஷர்" என்ற சொல்லை இவர் தமிழில்தான் அறிவார், அதுவும் தனக்கிருக்கும் இரத்த அழுத்த வருத்தத்தின் பெயராக.

"வன் பிப்டி, ஹண்ட்றட். நவ் டேப்லெட்," என்றார்.

கடைக்காரர் கிறிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பிறகுதான் இவருடைய முகத்தைக் கண்டேன். இப்போதே ஜேர்மனிக்கு ரிக்கெட் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

கேள்வி எதைப் பற்றியதென்று அதற்குள் இவருக்குப் பிடிபட்டுவிட்டது. கிறிலைக் கவிழ்த்து, அடியில் இருந்த தகட்டைச் சுட்டிக்காட்டினார். ஐம்பது மில்லிபார் என்று இருந்தது. வானிலிருந்து காஸ் எடுக்கிறோம் என்று நான் சொன்னதும் கடைக்காரர் தலையாட்டினார். உங்கள் வான் தருவது முப்பதுதான், அதுதான் நெருப்பு எழும்பவில்லை என்றார். இரண்டு வழி சொன்னார். கிறிலை இருந்தபடியே விட்டு, தனிப் போத்தலும் ஐம்பதுக்கான றெகுலேற்றரும் வாங்கலாம். அல்லது உள்ளே காஸ் பீறிவரும் இரண்டு ஜெட்டையும் முப்பதுக்கு ஏற்றதாக மாற்றலாம். மாற்றினால் ஜேர்மனியில் அதைப் பாவிக்கக் கூடாது. எனக்கு எது வேண்டுமென்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு வழியையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இவருக்குத் தமிழில் சொன்னேன்.

இவர் அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜெட்டை மாத்தட்டும்."

"பிறகு அங்கை கொண்டுபோக ஏலாதே?"

"அங்கை ஏன் கொண்டுபோறது? பிள்ளையள் இஞ்சைதானே சாப்பிடப் போகுதுகள்."

எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. கடைக்காரர் பின்னால் இருந்த மேசையில் வைத்து வேலையை முடித்தார். பற்றவைத்துக் காட்டினார், நீல நெருப்பு இரைந்துகொண்டு எழும்பியது. கழற்றிய பழைய ஜெட்டுகளைக் குப்பைக்குள் போடப் போனவரை இவர் கையை நீட்டி மறித்தார். விரல்நகம் அளவு பித்தளை, நடுவில் ஊசித்துளை. இனி உங்களுக்கு இவை உதவாது என்று கடைக்காரர் சொன்னார். அது இவருக்கு நன்றாகவே விளங்கியது. ஒன்றைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

ஜேர்மனியை நான் ஒருநாளும் நினைத்து ஏங்கியதில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மற்றதையும் அவர் பைக்குள் போடமுன், என்னை அறியாமலே என் கை நீண்டது.

"அதை எனக்குத் தாங்கோ," என்றேன்.