பூங்குழலியின் முட்டிக் கட்டி

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் பூங்குழலிக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர். கையும் சளைத்ததல்ல. அவள் தைத்த அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், செக்கிங் மேசையிலிருந்து திரும்பி வராது என்பதை அவளைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் வள்ளியம்மாள். கோணல் தையலைக் கண்டால் சொந்தத் தங்கை என்றும் பார்க்காதவள். அவளே வலிய வந்து தன் மகன் செல்வகுமாருக்குப் பூங்குழலியைப் பேசி முடித்ததில், பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிங் பிரிவில் இருந்த செல்வகுமாரை அவளுக்கு முன்னமே பிடித்திருந்தது என்பது தனிக்கதை.

இரண்டாயிரத்து ஐந்தில் அவளது இடது முட்டிக்குக் கீழே வீங்கியது. எக்ஸ்ரேயைப் பார்த்த உள்ளூர் டாக்டர் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்புக்குள் ரத்தம் கோத்த கட்டி. புற்றாக இருந்தால் காலையே எடுக்க வேண்டிவரலாம் என்றார்கள் அங்கே. "மெஷின மிதிக்கிறது வலது கால்தானே, வுடும்மா" என்று அம்மாவிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு, தனியாகப் போய் அழுதாள்.

கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையை லேபில் வளர்த்துக் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். பதினாறாவதில் இருந்த துண்டும் பதினேழாவதில் இருந்த துண்டும் இடம் மாறி, சம்பந்தமில்லாத இரண்டு ஜீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அது புற்றல்லாத, சாதுவான கட்டியின் அடையாளம். மற்ற சோதனைகளும் அதையே சொல்லவே, கட்டியைச் சுரண்டி எடுத்து, குழியில் இடுப்பெலும்புத் துண்டுகளை வைத்து அடைத்தார்கள். கால் பிழைத்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே கேன்டீனில் முழங்கினாள். "கேன்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு ஜீன் ஒட்டிக்கிச்சாம், அவ்ளோதான்!"

அந்த வாய் ஒருநாள் சும்மா இருந்திருக்கலாம். ஜீன் என்றால் பரம்பரை என்று டிவியில் கேட்டிருந்த வள்ளியம்மாள், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மறுநாளே ஆள் விட்டுச் சொன்னாள். பெண் நல்ல பெண்தான், ஆனால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இது வந்தால் யார் பதில் சொல்வது?

செல்வகுமார் அம்மாவோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடந்தான். பூங்குழலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. நிஜமாகவே வந்துவிட்டால்?

மறுபரிசோதனைக்கு வேலூர் போனபோது, கட்டியைச் சோதித்த லேப் டாக்டர் இவாஞ்சலினைத் தேடிப் பிடித்தாள். "மேடம், என் புள்ளைக்கும் இது வருமா?"

"வராதும்மா. நீ பொறக்கறப்ப இது உங்கிட்ட இல்ல. எலும்புல ஒரு செல்லுல அப்புறமா ஆன தப்பு இது. அந்தக் கட்டிக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. புள்ளைக்குப் போற எதுலயும் இல்ல."

திரும்பும் பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தாள். வழியில் பள்ளிகொண்டா தாண்டும்போது, வள்ளியம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று பிடிபட்டுவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், காலைச் சற்றே இழுத்தபடி நேராகச் செக்கிங் மேசைக்குப் போனாள். பிரிவே திரும்பிப் பார்த்தது.

"அத்தை, தோல் வெட்டுற அச்சு, அந்த டை, கோணலா இருந்தா இன்னா ஆவும்?"

அத்தை என்றதில் வள்ளியம்மாள் முகம் இறுகியது. ஆனாலும் வேலைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. "இன்னா ஆவும்? வெட்டுற பீஸெல்லாம் கோணலாத்தான் வரும்."

"டை சரியா இருக்குது. நான் ஒரு அப்பர்ல மட்டும் பீஸ மாத்தி ஒட்டித் தைச்சிட்டேன். அப்ப?"

"அந்த ஒண்ணுதான் ரிஜெக்ட்."

"எனக்கு ஆனதும் அதான். ஒரே ஒரு எடத்துல ரெண்டு பீஸு மாறி ஒட்டிக்கிச்சு. அதையும் சுரண்டி எடுத்துட்டாங்க. எங்க ஆத்தா அப்பன் குடுத்த டை கோணல் இல்ல. வேணும்னா என்கூட வேலூருக்கு வாங்க, டாக்டரம்மாவையே கேளுங்க."

வள்ளியம்மாள் கையிலிருந்த அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூங்குழலி தலை குனியவில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?"

"மொதல்ல நீங்க என்னைய கேக்கவே இல்லியே அத்தை."

தை மாதம் கல்யாணம் நடந்தது. பூங்குழலி பின்னாளில் அதே பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனாள். புதிதாக வருகிற பெண்களிடம் அவள் பாவாடையை லேசாகத் தூக்கி முட்டித் தழும்பைக் காட்டாத நாளில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அடுத்த வீட்டுத் தனகோடி பார்க்க வந்தாள். கொஞ்சுகிற சாக்கில் குழந்தையின் முட்டியை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். வள்ளியம்மாள் சட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கைய எடு. டை சுத்தமா இருக்குது. நான் செக் பண்ணி எடுத்த பொண்ணு."