ஓரத்தில் எடுத்த துணுக்கு

1971 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். வெளியே மைனஸ் நான்கு டிகிரி. சவரம், குளியல், காப்பி. ஊரிலிருந்து என் மனைவி கொண்டுவந்த பித்தளை ஃபில்டரில்தான் மியூனிக்கிலும் எங்கள் காலை தொடங்கியது. இரண்டு துண்டு ரொட்டி, அதன்மேல் மிளகாய்ப்பொடி. ஆறு ஐம்பத்திரண்டு டிராம். ஏழு இருபத்தைந்துக்கு ஆய்வுக்கூடம் சேர்ந்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, தராசைச் சரிபார்த்து, குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.

பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் கூடம் அது. நான் அங்கே வேதியியலாளன். ஓவியத்திலிருந்து கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்து, எந்த அடுக்கு வார்னிஷ், எந்த அடுக்கு வண்ணம், எதைக் கரைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. என் தாளை வைத்துக்கொண்டு சுத்தம் செய்பவர் அடுத்த அறையில் இருந்த ஒரு பெண்மணி. என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். மேசையில் எப்போதும் ஒரு ஆப்பிள் வைத்திருப்பார். வேலை முடியாமல் அதைக் கடிக்க மாட்டார்.

அந்த வாரம் எங்களிடம் இருந்தது ஒரு மாதா படம். போருக்குப் பிறகு ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய சிலர், வேறொரு சபை இரவல் கொடுத்த சிறிய கூடத்தில் வழிபட்டு வந்தார்கள். அவர்களுடைய ஒரே பெரிய படம் அது. பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வைக்குள் சுற்றி, மரச்சட்டத்தோடு எல்லை தாண்டி வந்தது. ஈஸ்டருக்குள் சுத்தம் செய்து தரவேண்டும் என்பது பேச்சு.

வரைந்தவர் சென்ற நூற்றாண்டுக்காரர். தேவாலய ஓவியர்களிடம் தொழில் பழகி, உதவித்தொகையில் ரோமுக்குப் போய்ச் சில வருடங்கள் பயின்று, ஊர் திரும்பியவர். ஐகான் என்னும் பழைய கோவில் படங்களில் நிழல் கிடையாது. தங்கப் பின்னணியும் நேர்ப்பார்வையும்தான். இவர் மாதாவின் முகத்தைப் பளிங்குச் சிலைபோல் உருட்டி, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக வைத்தார். பாதிரிமார் சிலர் முகம் சுளித்தார்களாம். சுளித்தவர்களே அடுத்த கோவில் சுவருக்கும் அவரைத்தான் அழைத்தார்களாம். வாழ்நாள் முழுவதும் சுவர்களும் உருவப்படங்களுமாக வரைந்து தள்ளியிருக்கிறார். இவ்வளவும் நூலகத்தில் படித்தேன். அவர் எப்படி வேலை செய்தார் என்பதைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வழக்கப்படி படம் வந்த அன்றே சட்டத்தைக் கழற்றித் தச்சுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம். துணுக்கையும் வழக்கப்படியே எடுத்தேன். சட்டம் மூடியிருக்கும் விரற்கடை ஓரத்தில்தான் எடுப்போம். பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது, படத்துக்கும் காயமில்லை. அங்கே மஞ்சளாகிப்போன ஒரு வார்னிஷ், அதன்கீழ் வண்ணம். நடுவில் படம் இன்னும் பழுப்பாக இருந்தது. அதே வார்னிஷ் மெழுகுவத்திப் புகையில் கருத்திருக்கிறது என்று எழுதினேன். ‘ஆல்கஹாலில் கரையும். நீக்கலாம்.’ கீழே கையெழுத்து.

ஒன்பது முப்பத்தைந்துக்கு அந்தப் பெண்மணி கதவருகே வந்து நின்றார்.

“ஹெர் டாக்டர், ஒரு நிமிடம். ஓட வேண்டாம், ஆனால் உட்காரவும் வேண்டாம்.”

மாதாவின் முக்காட்டில், கழுத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குத் துடைத்திருந்தார். அங்கே துணியின் மடிப்பு போய்விட்டது. வெறும் நீலம். சுற்றிலும் ஆழமாக இருந்த நிழல் அந்த இடத்தில் மட்டும் பலகைபோல் தட்டையாக இருந்தது. பஞ்சுக்குச்சியை நீட்டினார். மஞ்சள் இல்லை, காப்பி டிகாக்‌ஷன் நிறம். அதைச் சூடாக்கினேன். புதுச்சாலை போடும்போது வருமே, அந்த வாசனை.

தார். நிலக்கீலை எண்ணெயில் குழைத்து நிழலுக்குப் பூசுவது அந்தக் காலத்து ஓவியர்களின் பழக்கம். நாங்கள் துடைத்தது அழுக்கை அல்ல, அவருடைய நிழலை.

“மூன்று குச்சியோடு நிறுத்தினேன்,” என்றார். “உங்கள் தாளில் ‘நீக்கலாம்’ என்று இருந்ததால்தான் மூன்று வரை போனேன். இல்லாவிட்டால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன்.”

“தெரிகிறது.”

“ஓரத்தில் ஏன் இது இல்லை?”

அதுதான் எனக்கும் புரியவில்லை. தச்சுப் பிரிவுக்கு இறங்கிப் போய்ச் சட்டத்தை வாங்கிவந்து விளக்கடியில் வைத்தேன். உள்விளிம்பின் பொன்பூச்சில், இடது பக்கம் கீழே, அரை அங்குல நீளத்தில் ஒரு பழுப்புக் கோடு. தூரிகை மயிரின் தடம்கூடத் தெரிந்தது. படம் முடிந்து, வார்னிஷ் அடித்து, சட்டம் மாட்டிய பிறகுதான் நிழல் பூசியிருக்கிறார். கை கொஞ்சம் வழுக்கிச் சட்டத்தில் பட்டிருக்கிறது. எங்கள் விதி எந்த இடத்தைப் பத்திரம் என்று காட்டியதோ, அந்த ஒரே இடத்தில்தான் அவருடைய தூரிகை படவில்லை.

சபையின் பொறுப்பாளர் செவ்வாய்தோறும் இரண்டு மணிக்கு வருவார். டிராம் பணிமனையில் மெக்கானிக். ஷிப்ட் முடித்து நேரே வருவதால் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். படத்தைத் தொடாமல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவார். அன்று அவர் பார்ப்பதற்கு முன்பே சொன்னேன்: என் தாள் தவறு, துடைத்தவர் மேல் பிழையில்லை.

குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன்,” என்றார்.

“ஆமாம்.”

“இன்றே எடுத்துக்கொண்டு போகிறேன். அழுக்கோடு இருந்தாலும் முழுசாக இருந்தது.”

“எடுத்துப் போகலாம், உங்கள் படம்,” என்றார் பெண்மணி. “ஆனால் இந்த வழுக்கையோடு போகும். போன நிழலை என்னால் திரும்ப வைக்க முடியும்.”

“எங்கள் டிராம் பிரேக்கைக்கூடத் திரும்ப வைத்துவிடலாம் என்று இப்படித்தான் சொல்லிச் சொல்லிக் கழற்றுகிறார்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தக் கோட்டைக் காட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். அவர் விரலை நீட்டி, தொடாமல், கோட்டின் நீளத்துக்குக் காற்றில் நகர்த்தினார்.

“தலைநகரிலிருந்து பெட்டியில் வந்த படம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். வரைந்தவர் எங்கள் ஊரை எட்டியே பார்த்ததில்லை என்று.”

“இந்தச் சட்டம் எங்கே செய்தது?”

“கோவிலில் மற்ற படங்களுக்கெல்லாம் இதே சட்டம்தான். எங்கள் ஊர்த் தச்சர்கள் செய்தது.”

“அப்படியானால் அவர் உங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் வைத்துத்தான் பூசியிருக்கிறார்.”

பெண்மணி ஆப்பிளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “நான் எந்த வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது? இந்தக் குழல்விளக்கில் வைத்தால் உங்கள் கூடத்தில் வேறு மாதிரி தெரியும்.”

“எங்கள் கோவிலில் ஜன்னல் சிறியது. மெழுகுவத்திதான். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.” தொப்பியை எடுத்துக்கொண்டார். “இரவு யோசிக்கிறேன். காலையில் வந்து சொல்கிறேன்.”

கைகொடுக்காமல் போனார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

ஆறு நாற்பதுக்கு வீடு. ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் முழுவதும் சொன்னேன்.

“மூட்டை ஓரத்துல ஒரு உருளைக்கிழங்கைப் பார்த்துட்டு மொத்தமும் நல்லதுன்னு தூக்கிட்டு வந்தவர்தானே நீங்க,” என்றாள். “பாதிக்கு மேல அழுகல்.”

“அது போன வருஷம்.”

“ஆள் அதேதானே.” இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “அவர் படத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“அந்த நகம் அளவு இடம் அப்படியே இருக்கும். ஈஸ்டருக்கு எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.”

“உங்க பேரு அதுல எழுதியிருக்காது.”

“யார் தப்பு என்று எனக்குத் தெரியுமே.”

அவள் தட்டுகளை எடுத்துப் போனாள். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தை எழுதினேன். பழைய தாளின் நகலை எடுத்து, ‘நீக்கலாம்’ என்ற சொல்லை அடிகோல் வைத்து அடித்து, பக்கத்தில் தேதி போட்டேன். அழிக்கவில்லை. அடித்தது அடித்ததாகத் தெரியவேண்டும். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

மறுநாள் ஏழு இருபத்தைந்துக்கு நான் போனபோது சபைப் பொறுப்பாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பணிமனை உடுப்பு, கக்கத்தில் செய்தித்தாள் சுருள். பிரித்துக் காட்டினார். பென்சில் தடிமனில் ஆறு தேன்மெழுகுவத்திகள்.

“இதைத்தான் நாங்கள் ஏற்றுவோம்,” என்றார். “அந்த அம்மாளிடம் கொடுங்கள். இதில் பார்த்துப் பூசட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.”

எங்கள் கூடத்தில் நெருப்புக்குத் தடை. பெண்மணி அனுமதி வாங்கப் போனார். அறையை இருட்டாக்கத் திரைச்சீலையை இழுக்கும் சத்தம் கேட்டபோதுதான் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. ஆகவே 10ஆம் தேதி காலையில் நான் முதலில் செய்த வேலை, குழாயடிக்குப் போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவந்து, படத்திலிருந்து சரியாக ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தது.