உள்ள வாங்க!

போன செவ்வாய்க்கிழமை மதியம், பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கத்து டப்பிங் ஸ்டூடியோ ஒன்றில், இரண்டே வார்த்தைக்காக நாங்கள் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள வாங்க."

அவ்வளவுதான் வசனம். எழுதியவன் நான். (பத்தி மட்டும் எழுதிப் பிழைக்க முடியுமா? கன்னட சீரியல்களுக்குத் தமிழ் வசனமும் எழுதுகிறேன்.) கோபித்துக்கொண்டு போன கணவன் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறான். மனைவி உருகி, அவனை உள்ளே அழைக்க வேண்டும். மனைவிக்குக் குரல் ரீட்டா. கணவனுக்கு தாஸ்.

இதில் ஒரு சிக்கல். ரீட்டாவும் தாஸும் நிஜமாகவே கணவன் மனைவி. இப்போது ரீட்டா ஜீவனஹள்ளியில்... தாஸ் ஊரின் மறுகோடி பீன்யாவில், அண்ணன் வீட்டில். போன வருஷத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

நிஜத்தில் ஒட்டி உறவாடும் ஜோடிதான் திரையிலும் ஜொலிக்கும் என்று நம்புகிறோம், இல்லையா? நான் பார்த்தது வேறு. சேர்ந்து வாழ்ந்த காலத்தில், தாஸ் மைக்கில் 'என் உயிரே' என்றால் ரீட்டா சிரித்துவிடுவார். "காலைல காபி ஆறிப்போச்சுன்னு கத்துன வாய்தானே இது?" என்பார். டேக் டேக்காக வீணாகும். பிரிந்த பிறகு? காதல் காட்சிகளில் தேன் ஒழுகுகிறது. யாரும் சிரிப்பதில்லை. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

டப்பிங்கில் ஒரு வசதி — இருவரும் சேர்ந்து வர வேண்டியதில்லை. தாஸ் காலையில் பேசிவிட்டுப் போவார், ரீட்டா மதியம் வருவார். எதிராளியின் குரல் ஹெட்ஃபோனில் ஓடும். அதைக் கேட்டுப் பதில் பேச வேண்டும். சவுண்ட் இன்ஜினியர் மஞ்சுநாத் நல்ல மனசுக்காரர். யாரும் சொல்லாமலேயே, ரீட்டா வரும்போது தாஸ் குரலை அணைத்துவிட்டு, அந்த இடத்தில் கன்னட நடிகரின் அசல் குரலைப் போட்டுவிடுவார். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மஞ்சு அதை மறந்துவிட்டார்.

"தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடு..." — ஹெட்ஃபோனில் தாஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரீட்டா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி ஓட்டினோம். வரவில்லை.

டப்பிங் டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எபிசோட் இன்னைக்கே போகணும் சார். வேற வாய்ஸ் கூப்பிட்டுடலாமா?" என்று என் காதோடு கேட்டார். சீரியலில் ஒருமுறை குரல் மாறினால் மாறியதுதான். அந்தக் கதாநாயகி ரீட்டாவுக்குத் திரும்பக் கிடைக்கமாட்டாள். ரீட்டாவின் பிழைப்பே அவள்தான்.

அப்போதுதான் மஞ்சுவுக்கு உறைத்தது. உள்ளே இருப்பவரோடு பேசும் மைக்கின் பொத்தானை அழுத்தி, "சாரி அக்கா, கன்னட டிராக் போட மறந்துட்டேன். மாத்திடட்டா?" என்றார்.

"இரு மஞ்சு." ரீட்டாவின் குரல் கரகரத்தது. "குடும்பம் நடத்தின காலத்துல ஒரு நாள்கூட இந்த வார்த்தை அந்தாளு வாயில வரல. இங்க மட்டும் எவ்ளோ சுலபமா வருது பாரு."

மஞ்சு தயங்கினார். "சுலபமா எங்க அக்கா வந்துச்சு? காலைல இந்த ஒரு லைனுக்குத்தான் அண்ணா அவ்ளோ நேரம் நின்னாரு. நடுவுல வெளிய போய் முகம் கழுவிட்டு வந்தாரு. நீங்க கேட்டது கடைசி டேக்."

ரீட்டா ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டார்.

"அவர் குரலே இருக்கட்டும். ஓட்டு."

ஓட்டினோம். "உள்ள வாங்க."

அழவில்லை, உருகவில்லை. அலுத்துப்போய், ஆனாலும் கதவைத் திறந்துவிட்ட ஒரு பெண்ணின் குரல். டைரக்டர் ஓகே சொல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

நடிப்பா, நிஜமா என்று கேட்பீர்கள். அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். வீட்டில் வராத சில வார்த்தைகளை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் சொல்ல முடிகிறது போல. அவர்களுக்காவது எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன். நமக்கு?

வெளியே வந்த ரீட்டா, பையை மாட்டிக்கொண்டே, "நாளைக்கும் எனக்கு மத்தியானமே போடு மஞ்சு" என்றார். கதவருகே போய் நின்று, திரும்பாமலேயே சொன்னார்: "ஆனா டிராக்க மாத்தாத."

சீரியல் கதைப்படி, அடுத்த வாரம் இருவருக்கும் மறுபடி சண்டை. டப்பிங் எழுதுகிறவனுக்குக் கதையை மாற்ற உரிமையில்லையே என்று முதல்முறையாக வருத்தமாக இருக்கிறது.